வெல்டிங் புகையும் வாயுவும் மூச்சில் ஏறிவிட்டால்

பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் ஆவடிச் சாலை வந்து சேரும் கரையான்சாவடியிலிருந்து, வடக்கே ஆவடி, அம்பத்தூர் வரையிலும், மேற்கே திருமழிசைத் தொழிற்பேட்டை வரையிலும், கிரில் கதவும் படிக்கட்டுக் கைப்பிடியும் செய்பவர், லாரிக்குப் பாடி கட்டுபவர், தண்ணீர் லாரித் தொட்டிக்கு ஒட்டுப் போடுபவர் என்று, இரும்பைப் பற்றவைத்து ஜீவனம் செய்யும் குடும்பங்கள் எண்ணற்றவை. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964இல் ஏற்பட்டு, மறுவருஷமே ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்த காலந்தொட்டு இத்தொழில் இப்பிராந்தியத்தில் வேரூன்றிக் கிளைத்திருக்கிறது. பெரிய ஆலைகளில் பாதுகாப்பு அதிகாரி உண்டு, முதலுதவி அறை உண்டு, ஆபத்து நேர்ந்தால் யாரைக் கூப்பிடுவது என்று சுவரில் எழுதியும் வைத்திருப்பார்கள். ஆனால் முதலாளியே மேஸ்திரியாகவும், அண்ணன் மகனும் வடநாட்டிலிருந்து வந்த இரண்டு இளைஞரும் ஹெல்பராகவும் இருக்கும் ஒற்றை ஷட்டர் பட்டறையில், புகை மூச்சில் ஏறி ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால், மேற்கொண்டு என்ன செய்வதென்று தீர்மானிக்க வேண்டிய பொறுப்பு அந்த மேஸ்திரி ஒருவர் தலையிலேயே விழுகிறது. இந்த அத்தியாயம் முக்கியமாக அவருக்காகவே எழுதப்படுகிறது.

“அண்ணா, நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குது” என்று ஹெல்பர் சொல்வதும், “பால் குடிச்சிட்டுப் போய்ப் படுப்பா, காலையில சரியாப் பூடும்” என்று மேஸ்திரி பதில் சொல்வதும் பட்டறைகளில் சர்வசாதாரணமாக நடப்பவை. பத்துத் தடவையில் ஒன்பது தடவை காலையில் சரியாகிவிடுவதும் உண்மையாதலால், அந்தப் பதிலில் அலட்சியம் எதுவும் இருப்பதாக ஒருவருக்கும் தோன்றுவதில்லை. எஞ்சிய அந்த ஒரு தடவையைப் பற்றித்தான் நாம் கவலைப்பட வேண்டியிருக்கிறது. ஏனெனில், வெல்டிங் வேலையில் மூச்சில் ஏறக்கூடியவற்றுள் மிகவும் கொடியவை சில, உள்ளே போகும்போது லேசான இருமலையும் கண்ணெரிச்சலையும் மட்டுமே உண்டாக்கி, பின்பு பல மணி நேரம் அடங்கிக் கிடந்து, பட்டறையைப் பூட்டிவிட்டு எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்தபின், நடுநிசியிலோ விடியற்காலையிலோ நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்படி செய்பவை. ஆகவே, ஒருவர் மாலையில் எப்படி இருக்கிறார் என்பதைக் கொண்டு ஆபத்தை அளக்கலாகாது. அவர் எதை, எந்த இடத்தில், எவ்வளவு நேரம் சுவாசித்தார் என்பதைக் கொண்டே அளக்க வேண்டும்.

பற்றவைக்கும் இடத்திலிருந்து எழுவதில் இரண்டு பகுதிகள் உண்டு. கண்ணுக்குத் தெரிவது புகை. அது உருகிக் கொதித்த உலோகமும் ராடின் மேற்பூச்சும் ஆவியாகி, மேலே எழுந்து குளிர்ந்து, மீண்டும் மிக நுண்ணிய துகளாக உறைந்தது. அத்துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரான் அளவுக்கும் உட்பட்டவையாதலால், மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை நேராகச் சென்றுவிடுகின்றன. முகத்தில் சுற்றிக் கட்டும் துண்டு அவற்றைத் தடுப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாதது வாயு. வில்லொளியின் புறஊதாக் கதிர் காற்றிலுள்ள பிராணவாயுவின்மேல் பட்டு ஓசோன் உண்டாகிறது, பெரும் வெப்பத்தில் காற்றின் நைட்ரஜனும் பிராணவாயுவும் கூடி நைட்ரஜன் டை ஆக்சைடு உண்டாகிறது, சி.ஓ.2 வெல்டிங்கில் கரியமிலவாயு பிரிந்து கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. இவை போதாவென்று, உருளையிலிருந்து நாமே திறந்துவிடும் ஆர்கானும் அசிட்டிலீனும் இருக்கின்றன.

முதலில், அதிகமாக நேர்வதும் அநேகமாகத் தானே தீர்ந்துவிடுவதுமான துன்பத்தைச் சொல்லிவிடலாம். ஜி.ஐ. பைப்பையோ ஜி.ஐ. தகட்டையோ பற்றவைக்கும்போது, சுடரின் ஓரத்தில் பச்சை கலந்த வெண்மை தோன்றுவதையும், கெட்டியான வெள்ளைப் புகை எழுவதையும், சிறிது நேரத்தில் பஞ்சுப் பிசிறு போன்ற வெண்பொடி வெல்டின் இருமருங்கிலும், ஹெல்மெட்டின்மேலும், புருவத்திலும் படிந்திருப்பதையும் வேலை தெரிந்தவர்கள் நன்கு அறிவார்கள். இரும்பு உருகுவதற்கு 1538 டிகிரி வெப்பம் தேவையாயிருக்க, அதன்மேல் பூசிய துத்தநாகமோ 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடுகிறது, ஆதலால் ஜி.ஐ. வேலையில் இரும்பு உருகுமுன்னரே துத்தநாகப் புகை முகத்தைச் சூழ்ந்துவிடும். அதை நிறையச் சுவாசித்தவருக்கு, நான்கு மணியிலிருந்து பத்து மணி நேரம் கழித்து, வாயில் காசை அடக்கிவைத்தாற்போல் ஓர் உலோகச் சுவையும், தொண்டை வறட்சியும், பிறகு பல் கிடுகிடுக்கும் குளிரும், ஜ்வரமும், உடம்பெல்லாம் அடித்துப்போட்ட வலியும் வருகின்றன. உலோகப் புகைக் காய்ச்சல் என்பது இதுவே. பித்தளை வார்ப்பவரிடத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மேல்நாட்டு வைத்தியர்கள் இதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். ஒன்றிரண்டு நாளில் இது தணிந்துவிடும். இதில் ஒரு விசித்திரம் என்னவென்றால், தினமும் அப்புகையில் வேலை செய்பவரின் சரீரம் அதற்கு ஓரளவு பழகிக்கொள்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் ஓய்வில் அந்தப் பழக்கம் நீங்கிவிட, திங்கட்கிழமை இரவு காய்ச்சல் புதிதாக வந்து சேர்கிறது. டெங்குவும் மலேரியாவும் நடமாடும் மழைக்காலத்தில் இந்தக் காய்ச்சலோடு டாக்டரிடம் போகிறவர், தாம் அன்று ஜி.ஐ. பைப் பற்றவைத்ததைச் சொல்லாவிட்டால், டாக்டருக்கு அது தோன்றுவதற்கு வழியே இல்லை.

பாலும் வெல்லமும் வாழைப்பழமும் புகையை முறித்துவிடும் என்னும் நம்பிக்கை நம் பட்டறைகளில் ஆழப் பதிந்திருக்கிறது. பசித்த வயிற்றுக்கு அவை நல்ல ஆகாரம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் உண்பது இரைப்பைக்கும் சுவாசித்தது நுரையீரலுக்கும் போயிருக்க, ஒன்று மற்றொன்றைச் சென்று தொடும் மார்க்கம் எதுவும் உடலில் இல்லை. பால் கொடுப்பதால் தீங்கு நேர்வது, அதைக் கொடுத்தாயிற்று என்ற திருப்தியில் ஆளைத் தனியே படுக்க விட்டுவிடுவதனால்தான்.

இனி, தாமதித்துத் தாக்குபவற்றுக்கு வருவோம். மூடிய இடத்தில் கேஸ் கட்டிங்கோ, தகட்டை வளைப்பதற்காக நெடுநேரம் சூடேற்றுவதோ செய்தால் நைட்ரஜன் டை ஆக்சைடு சேர்ந்துவிடுகிறது. அதனால் உடனே உண்டாவது கொஞ்சம் இருமல், கொஞ்சம் மார்பெரிச்சல். வெளியே வந்தவுடன் அதுவும் தணிந்துபோகும். நுரையீரலில் நீர் கோப்பது நான்கு மணியிலிருந்து ஒரு நாள் வரை கழித்தும் நிகழலாம். அலுமினியத்திலும் எஸ்.எஸ்.ஸிலும் ஆர்கான் வெல்டிங் செய்யும்போது, வில்லொளி மிகப் பிரகாசமாகவும் புகை குறைவாகவும் இருப்பதனால், அது சுத்தமான வேலை என்றொரு எண்ணம் பரவியிருக்கிறது. உண்மையில் அங்கேதான் ஓசோன் அதிகம். மூக்கைத் துளைக்கும் அந்தக் காரமான நெடியை அலட்சியம் செய்யலாகாது.

இவற்றினும் கொடியது ஃபாஸ்ஜீன். கிரீஸும் எண்ணெயும் போகத் துடைப்பதற்கு டிரைகுளோரோஎத்திலீன் போன்ற குளோரின் கலந்த திரவங்களை உபயோகிக்கும் பட்டறைகள் பல உண்டு. சிலவகைப் பிரேக் கிளீனர் ஸ்பிரேயிலும் அதே இனத்துத் திரவம் இருக்கிறது. துடைத்த பாகம் நன்றாக உலருமுன் அதன்மேல் பற்றவைத்தாலோ, பக்கத்திலேயே அத்திரவத் தொட்டி திறந்திருந்தாலோ, அதன் ஆவி வெப்பத்தாலும் புறஊதாக் கதிராலும் சிதைந்து, முதல் உலகப்போரில் யுத்தகளத்தில் விடப்பட்ட அதே விஷவாயுவாக மாறுகிறது. புதிதாக அறுத்த புல்லின் வாசனை அதற்கு உண்டு என்பார்கள்; ஆனால் பட்டறை நெடிகளுக்கு நடுவே அதைப் பிரித்தறிவது துர்லபம், அறியுமளவுக்கு வீசும்போதே அது அபாய எல்லையைக் கடந்திருக்கும். இதைச் சுவாசித்தவரை, அறிகுறி ஒன்றும் இல்லாவிட்டாலும், வைத்தியரின் கண்காணிப்பில் வைப்பதே முறை. ஒரு நாள் முழுதும், சில சமயம் இரண்டு நாளும், காத்திருந்து வரக்கூடியது அது.

காட்மியத்தைப் பற்றி, பிரிட்டனில் ஸெவர்ன் நதியின்மேல் பாலம் கட்டிய இடத்தில் நேர்ந்த சம்பவம் ஒன்று வைத்திய உலகில் பிரசித்தம். இரும்பு உத்தரச் சட்டம் ஒன்றைப் பிரிப்பதற்காக அதன் போல்ட்டுகளைத் தொழிலாளர் கேஸ் வைத்து அறுத்தார்கள். போல்ட்டுகளின்மேல் காட்மிய முலாம் இருந்ததை அவர்கள் அறியவில்லை. ஐவர் நோயுற்று, அவருள் ஒருவர் இறந்தார். 1966இல் பிரிட்டனின் தொழில் மருத்துவ இதழில் அந்த விவரம் வெளியாயிற்று. காட்மியப் புகையின் தொடக்கமும் துத்தநாகக் காய்ச்சலைப் போலவே குளிரும் ஜ்வரமுமாக இருப்பதனால், “இது ஜி.ஐ. காய்ச்சல்தான்” என்று கைமருந்தோடு நின்றுவிடும் அபாயம் எப்போதும் உண்டு. துத்தநாகக் காய்ச்சல் நேரம் செல்லச் செல்லத் தணிந்துகொண்டு வரும். மூச்சுத் திணறல் ஏறிக்கொண்டு போனால் அது வேறு. பழைய இரும்புக் கடையிலிருந்து வாங்கிய இயந்திரத்தின் மஞ்சள் மினுக்குப் போல்ட்டு துத்தநாக முலாமா, காட்மியமா என்று கண்ணால் சொல்ல முடியாது. ஆகவே தெரியாத முலாமைச் சூடேற்றாமல், ஸ்பானர் போட்டோ ஹேக்ஸா வைத்தோ கழற்றுவதே உத்தமம். சிலவகை வெள்ளிப் பற்றாசு ராடுகளிலும் காட்மியம் கலந்திருப்பதுண்டாதலால், ஏ.சி., ஃபிரிட்ஜ் மெக்கானிக்குகள் காட்மியம் இல்லாத ராடு என்று கேட்டு வாங்க வேண்டும்.

மூன்றாவது வகைக்கு இரவு வரை காத்திருக்கும் பொறுமை கிடையாது. நம் பகுதியில் தண்ணீர் லாரிகள் மிகுதி. அவற்றின் தொட்டி உட்புறம் துருவேறி ஒழுகத் தொடங்கியவுடன், மேலேயுள்ள வட்ட மூடியைத் திறந்து ஒருவர் உள்ளே இறங்கி ஒட்டுப் போடுகிறார். அந்தத் தொட்டிக்குள் காற்றோட்டம் அந்த ஒரு துவாரம் மட்டுமே. ஆர்கான் காற்றைவிட ஏறக்குறைய 1.4 மடங்கும், கரியமிலவாயு 1.5 மடங்கும் கனமானவையாதலால், இரண்டும் தொட்டியின் அடியில் தங்கிக்கொண்டு, பிராணவாயுவை மேலே தள்ளிவிடுகின்றன. ஆர்கானுக்கு நிறமில்லை, மணமில்லை, மூச்சுத் திணறும் உணர்ச்சிகூட அதனால் உண்டாவதில்லை; காற்றில் 21 சதவிகிதம் இருக்கவேண்டிய பிராணவாயு பத்துக்கும் கீழே வெகுவாகக் குறைந்த இடத்தில் குனிந்தவர், ஓரிரு மூச்சிலேயே நினைவிழந்து சாய்ந்துவிடலாம். மத்தியானச் சாப்பாட்டுக்கு வெளியே வரும்போது டார்ச்சை உள்ளேயே போட்டுவிட்டு வர, வால்வு லேசாகக் கசிந்து, திரும்பி இறங்குகையில் தொட்டி நிறைய வாயு நிற்பது இத்தொழிலின் பழைய விபத்துக்களில் ஒன்று. எனவே வெளியே வரும் ஒவ்வொரு தடவையும் டார்ச்சும் ஹோஸும் ஆளோடு வெளியே வந்துவிட வேண்டும், உருளையின் வால்வும் அடைக்கப்பட வேண்டும்.

உள்ளே ஒருவர் விழுந்துவிட்டதைக் கண்டவுடன் இன்னொருவர் குதிப்பது மனித சுபாவம். இப்படிப்பட்ட விபத்துக்களில் ஒன்றுக்கு இரண்டாக உயிர் போவது அந்த நல்ல சுபாவத்தினாலேயே. 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆம் பிரிவு, வாயு உள்ள தொட்டிக்குள் இறங்குகிறவர் இடுப்பில் பெல்ட்டும் கயிறும் கட்டிக்கொண்டு, கயிற்றின் மறுமுனையை வெளியே நிற்பவர் பிடித்திருக்க வேண்டும் என்று விதித்தது. பத்துப் பேருக்கும் குறைவாக வேலை செய்யும் பட்டறைகள் அச்சட்டத்தின் எல்லைக்குள் பெரும்பாலும் வராமற்போனாலும், கயிறு எந்தப் பட்டறைக்கும் எட்டாத விலைப் பொருளல்ல. உள்ளே விழுந்தவரைக் கயிற்றால் இழுத்து வெளியே கொண்டுவர வேண்டும். கயிறு இல்லையென்றால், புளோயர் வைத்துக் காற்றை உள்ளே செலுத்திக்கொண்டே, 108க்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் சொல்லி அனுப்பவேண்டும். காற்றுக்குப் பதிலாக ஆக்ஸிஜன் ஹோஸை உள்ளே திறந்துவிடுவதை அடியோடு நிறுத்த வேண்டும்: ஆக்ஸிஜன் செறிந்த இடத்தில் ஒரு தீப்பொறி பட்டால், ஆள் போட்டிருக்கும் சட்டையே கற்பூரமாய்ப் பற்றிக்கொள்ளும்.

புகையோ வாயுவோ அதிகமாகச் சுவாசித்துவிட்டவரை என்ன செய்வது? முதலாவது, வேலையை நிறுத்திக் காற்றோட்டமான இடத்தில் நிமிர்ந்து உட்கார வைக்க வேண்டும். இரண்டாவது, அவரை உழைக்க விடலாகாது. இது அறிவுரைக்காகச் சொன்ன வார்த்தையன்று. நுரையீரலில் நீர் கோக்கக் காத்திருக்கும் நிலையில் ஓடுவதும், மாடிப்படி ஏறுவதும், வீட்டுக்கு சைக்கிளில் மிதித்துப் போவதும் அதைத் துரிதப்படுத்துகின்றன. மூச்சு நின்றிருந்தால், வெளியே கொண்டுவந்த பின் செயற்கைச் சுவாசமும் மார்பழுத்தமும் தெரிந்தவர் உடனே தொடங்கவேண்டும். மூச்சிரைப்பு, நீலம் பாய்ந்த உதடு, நுரை கலந்த சளி, நினைவு தடுமாற்றம், மார்பு இறுக்கம் இவற்றில் எது தோன்றினாலும் 108. மூடிய இடத்தில் கேஸ் கட்டிங், குளோரின் திரவம், தெரியாத முலாம் இம்மூன்றில் ஒன்று சம்பந்தப்பட்டிருந்தால், எதுவுமே தோன்றாவிட்டாலும் ஆஸ்பத்திரி. பூந்தமல்லி அரசு மருத்துவமனை அருகிலிருக்கிறது. அங்கிருந்து கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடத்துக்கு அனுப்ப வேண்டுமா என்பதை டாக்டர் முடிவு செய்வார். ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்களுக்குக் கே.கே. நகரிலும் அயனாவரத்திலும் மருத்துவமனைகள் உண்டு.

ஆஸ்பத்திரிக்கு அனுப்புமுன் ஒரு துண்டுக் காகிதத்தில் நான்கு வரி எழுதி அவர் சட்டைப்பையில் வைப்பது, சில சமயம் எந்த மருந்துக்கும் சமமான உதவியாகும். “மாலை 4 மணி முதல் 5.30 வரை தண்ணீர் லாரித் தொட்டிக்குள் வேலை. ஜி.ஐ. தகடு. கேஸ் கட்டிங், பிறகு ராடு வெல்டிங். புளோயர் இல்லை. 6 மணிக்கு இருமல்” என்று எழுதினால் போதும். ராடு பாக்கெட்டின் அட்டையையும், துடைத்த திரவத்தின் டப்பாவையும் கூடவே கொடுத்தனுப்ப வேண்டும். முதலில் எடுக்கும் எக்ஸ்ரே சுத்தமாக இருந்துவிடலாம் என்பதனால், டாக்டர் ‘இருந்துவிட்டுப் போங்கள்’ என்று சொன்னால் தர்க்கம் செய்யாமல் இருக்க வேண்டும்.

லேசாகச் சுவாசித்தவர், டாக்டர் பார்த்தபின் வீடு போகலாம். ஆனால் அன்றிரவு தனியே படுக்கலாகாது. மனைவியோ, தாயாரோ, ஒரே அறையில் தங்கும் பீகார், ஒடிசாத் தோழர்களோ, யாராவது ஒருவர் இரண்டு மூன்று மணிக்கொரு முறை எழுப்பிப் பார்க்க வேண்டும். படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்காருகிறாரா, ஒரே மூச்சில் ஒரு வாக்கியம் பேச முடிகிறதா என்று கவனிக்க வேண்டும். வேற்று மொழிக்காரருக்கு இந்தி தெரிந்தவரைக் கொண்டு இதை விளக்கிச் சொல்லிவிடுவது முதலாளியின் கடமை. கொரோனாக் காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்ஸிமீட்டர் பல வீடுகளில் இருக்கிறது. எண் 95க்குக் கீழே இறங்கினாலும், ஏற்கெனவே இருந்ததிலிருந்து படிப்படியாகக் குறைந்துகொண்டு வந்தாலும், விடியும்வரை காத்திராமல் புறப்பட வேண்டும். கார்பன் மோனாக்சைடு ஏறியவரிடத்தில் மட்டும் அந்தக் கருவியை நம்பக் கூடாது: இரத்தத்தில் அவ்வாயு கலந்திருந்தாலும் அது 98 என்று காட்டும். மூடிய இடத்தில் சி.ஓ.2 வெல்டிங் செய்துவிட்டுத் தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி என்று சொல்பவரை, எண் எதுவாயினும், பிராணவாயு கொடுக்கக்கூடிய இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

தடுப்பு உபாயங்களில், சிறிய பட்டறைக்குச் செல்லுபடியாகும் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். புகை நேராக மேலே எழும். குனிந்து வேலை செய்பவரின் முகம் அதன் பாதையில் இருக்கிறது. ஆகையால் மின்விசிறியை முதுகுக்குப் பின்னால் வைக்காமல், பக்கவாட்டில் வைத்துக் காற்று குறுக்கே போகும்படி செய்ய வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே பற்றவைப்பதே இப்பகுதியில் புகைச் சங்கடங்களுக்கு மூலகாரணம் என்பது என் அபிப்பிராயம். சாரல் அடிக்காமல் வாசலில் ஒரு தகரப் பந்தல் நீட்டிக்கொள்வது அதற்கு எளிய பரிகாரம். ஜி.ஐ. வேலையில் வெல்டு வரும் இடத்திலிருந்து இருபுறமும் ஓரங்குலம் இரண்டங்குலம் முலாமை முன்கூட்டியே தேய்த்து நீக்கிவிட வேண்டும். எஃப்.எஃப்.பி.2 தர முகமூடி துகளைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. பிராணவாயு இல்லாத தொட்டிக்குள் எந்த வடிகட்டி முகமூடியும் பயனற்றது.

ஒருநாள் விபத்தைத் தவிர, நாள்தோறும் சிறுகச் சிறுகச் சேர்வதும் உண்டு. உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2017இல் வெல்டிங் புகையை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவற்றின் முதல் வகுப்பில் சேர்த்தது. எஸ்.எஸ். புகையிலுள்ள குரோமியமும் நிக்கலும் தனியே கவனிக்கத்தக்கவை. வெல்டர்களுக்கு நிமோனியா எளிதில் பற்றுகிறது என்பதனால் பிரிட்டனில் அவர்களுக்கு நிமோகாக்கல் தடுப்பூசி சிபாரிசு செய்யப்படுகிறது; நம்மவரும் தம் டாக்டரிடம் அதைக் கேட்கலாம். பீடி சிகரெட்டோடு இந்தப் புகையும் சேர்ந்தால் நுரையீரலுக்கு இரட்டைப் பாரம்.

குணமாகி வேலைக்குத் திரும்பியவரையும் உடனே மறந்துவிடலாகாது. நைட்ரஜன் டை ஆக்சைடு பட்டவர் நன்றாகத் தேறி நடமாடிக்கொண்டிருக்கையில், இரண்டு வாரத்திலிருந்து ஆறு வாரத்துக்குள், நுண்ணிய மூச்சுக்குழல்கள் அழன்று அடைபட்டு, இருமலும் இளைப்பும் மீண்டும் வருவதுண்டு. அப்போது அதைச் சளிக்காய்ச்சல் என்று நினைத்து, பழைய சம்பவத்தைச் சொல்லாமல் வேறு டாக்டரிடம் போய்விடுவார்கள். எனவே, சம்பவத் தேதியையும், எழுதிக் கொடுத்த அந்த நான்கு வரியின் நகலையும், ஆஸ்பத்திரிச் சீட்டையும் பட்டறை நோட்டில் ஒட்டிவைத்து, ஆறு வாரம் முடியும்வரை வாரம் ஒருமுறை அவர் மூச்சைப் பற்றி விசாரித்து அதே பக்கத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். ஈ.எஸ்.ஐ.யில் பதிவான பட்டறையாயின் விபத்து அறிக்கையையும் தாமதமின்றி அனுப்பிவிட வேண்டும். பின்னாளில் அவருக்கு உதவித்தொகை கிடைப்பதற்கு அந்த அறிக்கையே ஆதாரமாகும்.